தலைமை மறுக்கப்பட்ட வீரர்

வன்னி நாட்டுப் பள்ளி ஒன்றிலே நெடுங்காலம் ஆசிரியத் தொழில் செய்தவன் நான். விளையாட்டுப் பொறுப்பும் என்பால் வந்து சேர்ந்தமையால், ஆண்டுதோறும் கிரிக்கெட் அணியின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்து அனுப்பும் கடமை எனக்கிருந்தது. இன்னார் ஆடலாம், இன்னார் ஆடலாகாது என ஒரு தாளிலே வரையறுக்கும் அதிகாரம் பார்வைக்குச் சிறியது. பயனிலோ மிகப் பெரியது. ஒரு மாணவனின் வயதைக் கேட்பது நியாயம். பள்ளி வரவைக் கேட்பதும் நியாயம். பிறப்பைக் கேட்டால் என் செய்வது? இவ்வினா எழும்போதெல்லாம் என் நினைவில் வந்து நிற்பவர் பல்வங்கர் பாலூ. இந்தியா ஈன்ற முதற் பெருஞ் சுழற்பந்து வீச்சாளர் எனப் போற்றப்படும் அவரது வாழ்வை மாணவரும் ஆசிரியரும் அறிதல் நலம் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

கிளர்ச்சி அணி என்றவுடன் இலங்கையராகிய நமக்கு நினைவு வருவது 1982 ஆம் ஆண்டு. அவ்வாண்டு பெப்ரவரியில் நாட்டின் முதலாவது டெஸ்ட் ஆட்டத்திலே தலைமை தாங்கிய பந்துல வர்ணபுர, அக்டோபர் மாதத்தில், நிறவெறி காரணமாக உலகம் விலக்கி வைத்திருந்த தென்னாபிரிக்காவுக்கு ஒரு குழுவை இட்டுச் சென்றார். சென்றவர்களுக்கு நமது கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை 25 ஆண்டுத் தடை விதித்தது. அதற்கும் ஐந்தாண்டு முன்னர், 1977 இல், ஆஸ்திரேலியச் செல்வர் கெரி பாக்கர் தனியாகவே ஓர் ஆட்டத் தொடரை நிறுவினார். அதிற் சேர்ந்தவரை விலக்கிவைக்கச் சர்வதேச சபை முனைந்தது. இலண்டன் உயர்நீதிமன்றமோ அத்தடை தொழில் உரிமைக்கு மாறானது எனத் தீர்த்தது. இவையெல்லாம் நிகழ்வதற்கு நெடுங்காலம் முன்பே, 1920 ஆம் ஆண்டில், தம்மை ஆண்ட குழுவை எதிர்த்து அணியை விட்டு வெளியேறிய உடன்பிறந்தார் இருவர் இருந்தனர். அவர்கள் விலகியது பொருளுக்காக அன்று, தமையனுக்காக. அந்தத் தமையனே பாலூ.

பாலூ 1876 ஆம் ஆண்டு தார்வாரிலே பிறந்தார். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமார் குலத்தினர். சிவராம், விட்டல், கண்பத் என்னும் மூவர் இவருக்குத் தம்பியர். பூனாவில் வளர்ந்த பாலூவின் முதல் வேலை, பார்சியர் கழகமொன்றின் ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளையிட்டுச் செம்மை செய்வதுமாகும். சம்பளம் மாதம் 3 ரூபா. பின்னர் ஐரோப்பியரின் பூனா கழகத்திற் சேர்ந்தபோது அது 4 ரூபா ஆயிற்று. அங்கே வலை கட்டுவதும் கோடு இடுவதும் போக, துரைமார் பயிற்சி செய்யும்போது பந்து வீசும் வேலையும் வாய்த்தது. கிரெய்க் என்ற புகழ்பெற்ற துடுப்பாட்டக்காரர், தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்ததாகச் சொல்வர். இடக்கையால் மெல்லெனச் சுழற்றும் கலை இவ்வாறு நாள்தோறும் மணிக்கணக்கில் வீசி வீசிக் கைவந்ததாகும். ஆனால் துடுப்பைத் தொட அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. பந்து வீசுவது ஏவலாளனுக்குரியது, துடுப்பாடுவது எசமானனுக்குரியது என்பது அக்கால வழக்கு.

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியரை வெல்ல விரும்பினர். அதற்குப் பாலூ வேண்டும். ஆயினும் அவரோடு உடனிருக்க மனம் ஒப்பவில்லை. நீண்ட வாதத்தின் பின் அவரை அணியிற் சேர்த்தனர். களத்திலே அவர் தொட்ட பந்தை மேற்சாதியாரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ கூடாரத்துக்கு வெளியே, எறிந்துவிடத்தக்க மண்குவளையில் அவருக்குத் தேநீர் தந்தனர். உணவும் வேறிடத்தில், வேறு தட்டிலே. மண்குவளை என்றதும் நம்மவருக்குச் சிரட்டை நினைவுக்கு வராமற் போகாது. வடபுலத்துத் தேநீர்க் கடைகளிலே சிலருக்கு மாத்திரம் சிரட்டையிலே தேநீர் வார்த்த காலம் நம் முதியோர் நினைவினின்றும் இன்னும் அகலவில்லை.

பூனாவிற் கொள்ளைநோய் பரவியபின் பாலூ பம்பாய் சென்றார். இரயில்வேயிற் பணி கிடைத்தது. இந்து ஜிம்கானாவின் அணியிலும் இடம் கிடைத்தது. பம்பாயின் பெரும் போட்டி அமைந்த முறையை இங்கே விளக்குதல் வேண்டும். அங்கே அணிகள் ஊரின் பெயரால் அமையவில்லை. சமயத்தின் பெயரால் அமைந்தன. ஐரோப்பியர், பார்சியர், இந்துக்கள் எனத் தொடங்கி, 1912 இல் முஸ்லிம்களும் சேர நாற்கோணப் போட்டியாயிற்று. ஒவ்வொரு சமூகத்தின் ஜிம்கானாவே தன் அணியைத் தெரிந்தது. எந்த அணியில் ஒருவன் ஆடலாம் என்பதை அவனது சமயம் தீர்த்தது. அந்த அணியிலே எவ்வளவு உயரலாம் என்பதைச் சாதி தீர்த்தது. இந்நான்கு சமூகங்களிலும் சேராத இந்தியக் கிறிஸ்தவர் போன்றோருக்கு 1937 வரை அணியே இல்லை. அவ்வாண்டு ஏனையோர் என்ற பெயரில் ஐந்தாவது அணி தோன்றியதனாலேதான் விஜய் ஹசாரே என்ற மாவீரருக்கு அப்போட்டியின் கதவு திறந்தது.

1906 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இந்துக்கள் ஐரோப்பியரை எதிர்த்தாடினர். முதலில் 242, பின்னர் 160 ஓட்டங்கள் எடுத்த அவர்கள், ஐரோப்பியரை 191 க்கும் 102 க்கும் சுருட்டி 109 ஓட்டங்களால் வென்றனர். பாலூ 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தம்பி சிவராமும் உடன் ஆடினார். ஆளுவோரை ஆளப்படுவோர் வென்ற அச்செய்தி நாடெங்கும் பரவியது. அந்த வெற்றியின் பின் ஒதுக்கல் ஓரளவு தளர்ந்தது. உடனிருந்து உண்ணவும் இடம் வாய்த்தது.

1911 இல் பட்டியாலா மகாராசாவின் தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி ஆடிய 23 ஆட்டங்களில் வென்றவை 6 மட்டுமே. அத்தோல்விகளுக்கிடையே பாலூ 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவர் கொடுத்த ஓட்டங்கள் சராசரி 19 க்கும் குறைவு. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அவர் திரும்பியபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி வரவேற்பளித்தனர். இளைஞராயிருந்த அம்பேத்கர் அவரைத் தம் மக்களின் பெருமையாகக் கொண்டாடினார்.

இத்தகைய ஒருவருக்கு இந்து அணியின் தலைமை கிடைத்திருத்தல் வேண்டுமன்றோ? கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் நண்பர்கள் வற்புறுத்தினர். தெரிவுக் குழுவினர் மேற்சாதியார் ஒருவரையே அமர்த்தினர். 1913 இல் தலைவராக்கப்பட்ட பாய் என்பவர், அப்பதவி மூத்தவரும் அனுபவம் மிக்கவருமாகிய பாலூவுக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். அச்சொல்லாலும் பயன் விளையவில்லை.

1920 ஆம் ஆண்டுப் போட்டி வந்தது. பாய் முதலாட்டத்துக்கு வர இயலாதிருந்தார். தெரிவுக் குழுவினர் தலைமையைத் தேவதரிடம் ஒப்படைத்தனர். பாலூவையோ அணியிலிருந்தே நீக்கினர். அப்பொழுதுதான் விட்டலும் சிவராமும், பிறப்பினால் வந்த இவ்வவமதிப்பைப் பொறுக்க இயலாதென்று பலரறியக் கூறி, அணியை விட்டு விலகினர். அணியின் சிறந்த துடுப்பாட்டக்காரருள் விட்டல் ஒருவர். அவரின்றி வெற்றி அரிது. பத்திரிகைகளில் விவாதம் எழுந்தது. பொதுமக்களிற் பலர் சகோதரர் பக்கம் நின்றனர். இறுதியாட்டத்துக்கு முன் குழு இறங்கி வந்தது. பாய் தலைவரானார், பாலூ துணைத் தலைவரானார், தம்பியரும் திரும்பினர். பாய் களத்தை விட்டு அகன்றிருந்த சிறுபொழுதிலே பாலூவே அணியை நடத்தினார். அவர் வாழ்நாளிற் கண்ட தலைமை அவ்வளவே. மூன்றாண்டின் பின், 1923 இல், விட்டல் முறைப்படி தலைவராக்கப்பட்டார். அண்ணனுக்கு மூடியிருந்த கதவு தம்பிக்குத் திறந்தது.

முதல்தர ஆட்டங்கள் 33 இல் 179 விக்கெட்டுகளைக் கைக்கொண்ட பாலூ, பின்னர்ப் பொதுவாழ்வில் இறங்கினார். 1932 இல் எரவாடாச் சிறையிலே காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்தபோது உருவான பூனா ஒப்பந்தத்தில், அம்பேத்கரோடும் சென்னையின் எம். சி. ராஜாவோடும் பாலூவும் ஒப்பமிட்டார். 1937 தேர்தலில் காங்கிரசு வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்றார். 13,245 க்கு 11,225 என்ற வாக்குக் கணக்கில் தோற்றார். ஒருகாலத்தில் தம்மைப் போற்றிய இளைஞரோடு முதுமையில் மோத நேர்ந்தது காலத்தின் விந்தை. 1955 ஆம் ஆண்டு யூலை 4 இல் பாலூ பம்பாயிலே காலமானார். மறு ஆண்டு அம்பேத்கர் இந்து சமயத்தையே துறந்து பௌத்தரானார்.

ஒருவர் உள்ளிருந்தே திருத்த எண்ணினார். மற்றவர் வெளியேறித் தம் வழி கண்டார். இவ்விருவருள் எவர் சரி என்று தீர்ப்பது என் நோக்கமன்று. ஆனால் பாலூவின் வாழ்வே ஓர் உண்மையைக் காட்டுகின்றது. அவர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பொறுமையோடு பந்து வீசியும் பெறாததை, தம்பியர் சில நாட்கள் விலகி நின்று பெற்றுத் தந்தனர். அவர் வீசிய பந்துகள் அவர்தம் தகுதியை ஐயமற நிறுவியிராவிடின், அந்த விலகலுக்கு வலிமை வந்திராது என்பதும் உண்மையே. விலகி நிற்கும் துணிவும், விலகினால் இழப்பென்று பிறர் உணரும் திறமையும் சேர்ந்தபோதுதான் சபை செவி சாய்த்தது.

1982 இல் தென்னாபிரிக்கா சென்றோரும் தம் சபையை மீறினவரே. 25 ஆண்டு என்பது கொடிய தண்டனை என்று இரங்குவோர் உளர், நானும் இரங்குவேன். ஆயினும் அவர்கள் சென்று ஆடிய நாடு, மனிதனின் தோலைப் பார்த்து அவன் ஆடும் தகுதியை அளந்த நாடு. இந்து அணியின் தெரிவுக் குழு சாதியால் அளந்தது போன்றதே அதுவும். ஆகவே கிளர்ச்சி என்ற சொல்லை மாத்திரம் கொண்டு ஒருவரைப் புகழவும் இகழவும் இயலாது. எந்த அளவுகோலை எதிர்த்து எழுந்தான், எந்த அளவுகோலுக்குத் துணை போனான் என்றே வினவுதல் வேண்டும்.

இளைஞர்களே, நாளை உங்களுட் சிலர் சபைகளிலே அமர்வீர்கள், பட்டியல்களில் ஒப்பமிடுவீர்கள். அவ்வேளை, தாம் வெற்றி தேடிக்கொடுத்த கூடாரத்துக்கு வெளியே மண்குவளையோடு நின்ற பாலூவை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். பந்து எங்கே விழுந்து எப்படித் திரும்புகின்றது என்பதை மட்டும் கேளுங்கள். எறிந்த கை எவர் வீட்டுக் கை என்று கேளாதிருங்கள்.