போர்ட் 22 தந்த அலுவலகம்: யார் இந்த ஜான் போஸ்டல்?

ராத்திரி 11 மணிக்கு வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி, எங்கோ இருக்கும் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, அப்டேட் கமாண்டைத் தட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் ஐடி துறையில் ஏராளம். அந்த நுழைவாசலின் எண் 22. பின்லாந்தின் டாட்டு யிலோனென் 1995-ல் எஸ்எஸ்ஹெச்-ஐ உருவாக்கியபோது, எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்றிருந்தது. நடுவில் காலியாகக் கிடந்த 22-ஐத் தரும்படி ஒரு மெயில் போட்டார். பெரிய விசாரணை எதுவும் இல்லை, கிடைத்துவிட்டது. கொடுத்தது, ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் கவனித்துக்கொண்ட ‘ஐயானா’.

1943-ல் கலிபோர்னியாவில் பிறந்த போஸ்டல், மாணவராக இருந்தபோதே இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் வேலையில் இறங்கிவிட்டார். எந்தச் சேவைக்கு எந்த எண் என்று ஆளாளுக்கு முடிவு செய்தால் குழப்பம்தான். கணக்கு வைக்க ஒருத்தர் வேண்டும், அதை நானே செய்கிறேன் என்று 1972-ல் எழுதினார். அப்படியே ஆனது. நீண்ட தாடியும் சாதாரண செருப்புமாகத் திரிந்த மனிதரிடம் இன்டர்நெட்டின் பதிவேடு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அவர் திட்டம் எழுதிய அப்டேட் ஒன்று உண்டு. 1983 ஜனவரி 1-க்குள் அர்பாநெட்டில் இருந்த எல்லா கம்ப்யூட்டர்களும் பழைய என்சிபியை விட்டு டிசிபி/ஐபிக்கு மாற வேண்டும். இன்று மாதிரி ஒரே கமாண்டில் முடிகிற காரியமல்ல. சிஸ்டங்கள் வேறு வேறு ரகம். அந்தந்த இடத்து ஆட்கள்தான் புது மென்பொருளைப் போட வேண்டும். பலர் அசைந்து கொடுக்கவில்லை. 1982-ல் ஒரு நாள் முழுக்க என்சிபி போக்குவரத்தையே நிறுத்திக் காட்டினார்கள். பிறகு இன்னொரு முறை, இரண்டு நாளுக்கு. அதன் பிறகுதான் வேகம் வந்தது. அப்போதும் சிலருக்குக் கூடுதல் மாதங்கள் தேவைப்பட்டன.

கேள்வி இதுதான்: அடுத்தவர் மெஷினை மாற்றச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? 1998 ஜனவரி 28 அன்று அதற்கு விடை தெரிந்தது. இணையத்தின் தலைமை முகவரிப் பட்டியலை வைத்திருக்கும் ரூட் சர்வர்களில் எட்டின் நிர்வாகிகளுக்கு போஸ்டல் மெயில் அனுப்பினார். அமெரிக்க அரசின் ஒப்பந்த நிறுவனமான நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடம் இருந்து பட்டியலை எடுக்காதீர்கள், என் சர்வரிடம் இருந்து எடுங்கள் என்பதே செய்தி. எட்டுப் பேரும் மாற்றினார்கள். பட்டியல் அதேதான் என்பதால் பயனர்களுக்கு எதுவும் தெரியவில்லை. வெள்ளை மாளிகைக்குத் தெரிந்தது. கிளின்டனின் ஆலோசகர் ஐரா மகசினர் தலையிட்டு, பழையபடி மாற்றச் சொன்னார். வெறும் சோதனைதான் என்று விளக்கம் தந்த போஸ்டல், மாற்றிவிட்டார். ஆனா, சட்டத்தில் எழுதாத அதிகாரம் அவர் கையில் இருந்தது என்பதை அந்தச் ‘சோதனை’ எல்லோருக்கும் காட்டிவிட்டது.

அந்தப் பொறுப்பை ஏற்க ‘ஐகேன்’ அமைப்பை உருவாக்கும் வேலையில் அவரும் இருந்தார். செப்டம்பரில் அது பிறந்தது. அக்டோபர் 16 அன்று, இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கலால் லாஸ் ஏஞ்சலீஸில் போஸ்டல் இறந்தார். வயது 55.