சுவரில் இருந்த கணக்கு

பெண் குழந்தைகளுக்குக் கணக்கு வராது என்பது உலகம் எங்கும் நெடுங்காலமாக உலவி வந்த பேச்சு. அந்தப் பேச்சைத் தம் வாழ்க்கையாலேயே பொய்யாக்கிக் காட்டினார், ருஷ்யாவில் பிறந்த ஒரு பெண்மணி. அவர்தான் சோபியா கோவலெவ்ஸ்காயா.

சோபியா 1850-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி மாஸ்கோவில் பிறந்தார். தந்தை, பீரங்கிப் படையில் ஜெனரல். சோபியா சிறுமியாக இருந்தபோது, குடும்பம் பலிபினோ என்ற கிராமத்து மாளிகையில் குடியேறியது.

மாளிகைச் சுவர்களுக்கு வண்ணக் காகிதம் ஒட்டினார்கள். குழந்தைகளின் அறை ஒன்றுக்கு மட்டும் காகிதம் போதவில்லை. ஓர் அறைக்காக மறுபடியும் பீட்டர்ஸ்பர்க்குக்கு ஆள் அனுப்புவதா? பரணில் கிடந்த பழைய தாள்களை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அவை தந்தை இளமையில் வாங்கி வைத்த கணிதப் பாடங்கள். ஆஸ்திரோகிராட்ஸ்கி என்ற பேராசிரியர் நுண்கணிதம் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகள்!

சிறுமி அந்தச் சுவரின் முன் மணிக்கணக்கில் நிற்பாள். ஒன்றும் புரியாது. ஆனால் எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் வரும் என்று தேடுவாள். விசித்திரமான குறிகள் மனத்தில் பதிந்தன. பெரியப்பா பியோத்தர் கதை சொல்வதுபோல் கணிதப் புதிர்களைச் சொன்னார். கணிதம் என்றால் பயம் அல்ல, ஆசை பிறந்தது.

தந்தைக்குக் கவலை வந்தது. படித்த பெண்கள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. கணக்குப் பாடத்தை நிறுத்தச் சொன்னார். சோபியா ஓர் இயற்கணித நூலைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்தாள். வீடு உறங்கிய பிறகு எடுத்துப் படித்தாள்.

அண்டை வீட்டுப் பேராசிரியர் திர்த்தோவ், தாம் எழுதிய பௌதிக நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இருந்த கோணக் கணிதத்தை யாரும் சொல்லித் தராமல் சோபியா தானாகவே விளங்கிக் கொண்டாள். வியந்துபோன அவர், தந்தையிடம் வாதாடினார். தந்தை இறங்கி வந்தார். பீட்டர்ஸ்பர்க்கில் நுண்கணிதப் பாடம் தொடங்கியது. ஏற்கனவே படித்தவள்போல் அவள் விரைந்து புரிந்துகொண்டதைக் கண்டு ஆசிரியர் திகைத்தார். சுவரில் பார்த்த குறிகள் உயிர் பெற்று எழுந்தன!

ருஷ்யப் பல்கலைக் கழகங்கள் பெண்களைச் சேர்க்கவில்லை. வெளிநாடு செல்லவோ தந்தை அல்லது கணவரின் சம்மதம் வேண்டும். அதற்காகவே 1868-ல் விளாதிமிர் கோவலெவ்ஸ்கியைப் பெயருக்குத் திருமணம் செய்துகொண்டார். ஹைடல்பர்க்கில் படித்தபின் 1870-ல் பெர்லின் சென்றார். அங்கும் கதவு அடைக்கப்பட்டது. கணித மேதை வையர்ஸ்ட்ராஸ் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சோதித்தார். விடைகளைப் பார்த்ததும், தாமே நான்கு ஆண்டுகள் தனியாகப் பாடம் சொல்லித் தந்தார். 1874-ல் கட்டிங்கன் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் அளித்தது.

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. ஆண்டுகள் பல ஓடின. 1883-ல் கணவர் இறந்தார். கையில் ஒரு பெண் குழந்தை. பிறகுதான் ஸ்டாக்ஹோம் அழைத்தது. 1884-ல் அங்கே பேராசிரியர் ஆனார்.

1888-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் ஒரு போட்டி நடத்தியது. ஒரு புள்ளியைப் பற்றிச் சுழலும் பொருளின் இயக்கத்தை ஆராய வேண்டும். கட்டுரையில் பெயர் இருக்கக் கூடாது. எழுதியவர் ஆணா, பெண்ணா என்று நடுவர்களுக்குத் தெரியாது. சிறந்ததாகத் தேர்ந்த கட்டுரையின் உயர்வைக் கண்டு, பரிசை 3,000 பிராங்கிலிருந்து 5,000 பிராங்காக உயர்த்தினார்கள். உறையைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது சோபியாவின் பெயர்!

1891 பிப்ரவரி 10-ந் தேதி, 41-வது வயதில், நிமோனியாக் காய்ச்சலால் சோபியா காலமானார்.

பலிபினோவில் இருந்த அந்தச் சுவர், தன் முன் நிற்பது ஆண் பிள்ளையா, பெண் பிள்ளையா என்று கேட்கவில்லை. எல்லோர் கண்ணிலும் ஒன்றுபோல் பட்டது. பாலர் வகுப்பில் சிறுவனுக்கு எண் கட்டைகளையும் சிறுமிக்குப் பொம்மையையும் எடுத்து நீட்டும் கைகள், ஒரு கணம் அந்தச் சுவரை நினைத்துப் பார்க்கட்டும்.