வரைபடத்துக்குக் கண் கொடுத்த மேதை

வெளியூர் போகிறோம். வழி தெரியவில்லை. கைபேசியை எடுக்கிறோம். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்று அது சொல்கிறது.

இந்த வித்தைக்கு முதல் கல் நாட்டியவர் கைபேசியைக் கண்டவர் அல்ல. மின்சார விளக்கைக்கூடக் கண்டவர் அல்ல. 200 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்து விட்டவர். கடைசிக் காலத்தில் அவருக்கு இரண்டு கண்களும் தெரியாது!

அவர் பெயர் லியோனார்டு ஆய்லர். உலகம் கண்ட மாபெரும் கணித மேதைகளில் ஒருவர்.

பாதிரியார் மகன்

சுவிட்சர்லாந்து நாட்டில் பாசல் என்று ஒரு நகரம். 1707-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஆய்லர் அங்கே பிறந்தார். தந்தை பால் ஆய்லர் ஒரு பாதிரியார். மகனும் தன்னைப்போல் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆய்லருக்கு 13 வயது ஆனபோது பாசல் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஜோஹன் பெர்னூலி என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். தனக்குத் தனியாகப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று ஆய்லர் அவரைக் கேட்டார். தனக்கு நேரம் இல்லை என்று அவர் மறுத்து விட்டார். ஆனால் ஒரு சலுகை கொடுத்தார். கடினமான கணிதப் புத்தகங்களை ஆய்லர் தானே படிக்க வேண்டும். புரியாத இடம் இருந்தால் சனிக்கிழமை பிற்பகல் வந்து கேட்கலாம்.

பேராசிரியரை அதிகம் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஆய்லர் வாரம் முழுவதும் தானே முட்டி மோதிப் படித்தார். பையனின் திறமை பெர்னூலிக்குத் தெரிந்து விட்டது. அவர் தந்தையிடம் பேசினார். தந்தையும் மனம் இசைந்தார். ஒரு பாதிரியார் குறைந்தார். உலகத்துக்கு ஒரு கணித மேதை கிடைத்தார்.

ருஷியாவில்

படிப்பு முடிந்தது. பாசலில் பேராசிரியர் வேலைக்கு மனுப் போட்டார். கிடைக்கவில்லை. அப்போது ருஷியாவில் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு விஞ்ஞானக் கழகம் புதிதாகத் தொடங்கி இருந்தார்கள். பெர்னூலியின் மகன் டேனியல் அங்கே வேலை பார்த்தார். அவருடைய முயற்சியால் ஆய்லருக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1727-ல் சொந்த நாட்டை விட்டுப் புறப்பட்டார். அதன் பிறகு அவர் சுவிட்சர்லாந்தில் வாழவே இல்லை.

1734-ல் காத்தரினா என்ற ஓவியர் மகளை மணந்தார். 13 குழந்தைகள் பிறந்தன. அவற்றில் 8 குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்து போயின. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே அவர் கணக்குப் போடுவார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கண் போன கதை

ருஷியா பரந்த நாடு. அதற்குச் சரியான வரைபடம் இல்லை. அந்த வேலையை விஞ்ஞானக் கழகம் எடுத்துக் கொண்டது. 1735 முதல் ஆய்லரும் அதில் பங்கு கொண்டார். வரைபடங்களைக் கண்ணுக்கு அருகில் வைத்து, கோடு கோடாகப் பார்த்துத் திருத்த வேண்டும்.

அதே ஆண்டில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம். 1738-க்குள் வலது கண்ணின் பார்வை அநேகமாகப் போய் விட்டது. காய்ச்சல்தான் காரணம் என்பவர் உண்டு. ஆனால் வரைபட வேலைதான் தன் கண்ணைக் கெடுத்தது என்று ஆய்லர் நம்பினார்.

அந்த உழைப்பு வீண் போகவில்லை. 1745-ல் ருஷிய வரைபடப் புத்தகம் வெளிவந்தது. நாடு முழுவதற்கும் ஒரு படமும், பகுதிகளுக்கு 19 படங்களும் அதில் இருந்தன.

ஏழு பாலங்கள்

வரைபடத்தோடு போராடிய அதே காலத்தில்தான் ஆய்லர் ஒரு விடுகதையையும் விடுவித்தார்.

பிரஷ்யா நாட்டில் கோனிக்ஸ்பர்க் என்று ஒரு நகரம். பிரேகல் ஆறு ஊரைப் பல துண்டுகளாகப் பிரித்தது. நடுவில் ஒரு தீவு. தீவையும் மற்ற மூன்று நிலப் பகுதிகளையும் 7 பாலங்கள் இணைத்தன. ஒரு பாலத்தில் ஒரு தடவைக்கு மேல் போகாமல், ஏழு பாலங்களையும் கடந்து வர முடியுமா? இதுதான் விடுகதை. முடிந்ததாக ஒருவராலும் காட்ட முடியவில்லை. முடியாது என்றும் நிரூபிக்க முடியவில்லை.

இதில் கணிதம் என்ன இருக்கிறது என்றுதான் ஆய்லர் முதலில் நினைத்தார். பிறகு யோசித்தார். பாலத்தின் நீளம் தேவை இல்லை. ஆற்றின் அகலம் தேவை இல்லை. தெரு வளைந்து போனால் என்ன, நேராகப் போனால் என்ன? எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்!

நான்கு நிலப் பகுதிகளுக்கும் நான்கு எழுத்துகளைப் பெயராக வைத்தார். பாலங்களுக்கு ஏழு எழுத்துகள். ஊரே ஒரு சிறு பட்டியலுக்குள் அடங்கி விட்டது.

பிறகு எண்ணினார். நடுவழியில் ஒரு பகுதிக்கு வந்தால், உள்ளே வர ஒரு பாலம், வெளியே போக இன்னொரு பாலம் வேண்டும். ஆகவே பாலங்கள் இரண்டு இரண்டாகச் செலவாகும். புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் மட்டுமே பாலங்கள் ஒற்றைப்படையாக இருக்கலாம். கோனிக்ஸ்பர்க்கில் தீவுக்கு 5 பாலங்கள். மற்ற மூன்று பகுதிகளுக்கும் மும்மூன்று பாலங்கள். நான்கும் ஒற்றைப்படை! ஆகவே முடியவே முடியாது.

1735-ல் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபடியே இதை விஞ்ஞானக் கழகத்தில் படித்தார். பின்னால் வந்தவர்கள் நிலத்துக்கு ஒரு புள்ளி, பாலத்துக்கு ஒரு கோடு என்று வரைந்தார்கள். கணிதத்தில் ஒரு புதிய கிளையே முளைத்தது.

கணினி படிக்கும் வரைபடம்

இன்று வழி சொல்லும் கணினிக்கும் புள்ளியும் கோடும்தான் தெரியும். தெருக்கள் கூடும் சந்திப்பு ஒரு புள்ளி. இரண்டு சந்திப்புகளுக்கு இடையே உள்ள தெரு ஒரு கோடு. கோட்டின்மேல் தூரத்தையோ நேரத்தையோ எழுதி விட்டால், குறைந்த தூரத்து வழியைக் கணினி கண்டுபிடித்து விடும். அதற்கு ஒரு முறையை ஹாலந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் ஆம்ஸ்டர்டாம் காப்பிக் கடை ஒன்றில் 20 நிமிடத்தில், காகிதம் பேனா இல்லாமல் யோசித்து முடித்தார்.

ஆனால் வரைபடத்தைக் கணினியிடம் அப்படியே கொடுக்க முடியாது. வரைபட விவரங்களை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கும். அதைப் படித்து, புள்ளியும் கோடுமாகப் பிரித்துக் கொடுக்கத் தனியாக ஒரு புரோகிராம் எழுத வேண்டும். ஆய்லர் கையால் செய்ததை அது செய்கிறது. ஆற்றின் நிறம், மரம், கட்டடம் எல்லாவற்றையும் தள்ளி விட்டு, எது எதோடு சேர்கிறது என்பதை மட்டும் எடுத்துக் கொள்கிறது.

சுலபமான வேலை போலத் தோன்றும். ஒரு மேம்பாலத்தை எண்ணிப் பாருங்கள். காகிதத்தில் மேலே போகும் சாலையும் கீழே போகும் சாலையும் ஒன்றை ஒன்று வெட்டும். அங்கே ஒரு சந்திப்பு என்று புரோகிராம் தவறாக எழுதினால், பாலத்தின் நடுவில் இருந்து கீழ்ச் சாலைக்குத் திரும்பும்படி கணினி சொல்லும்! ஒருவழிப் பாதை என்ற குறிப்பைத் தவற விட்டால், எதிரே வரும் லாரியின் முன்னால் கொண்டு போய் நிறுத்தும். ஒரே சந்திப்பு இரண்டு படங்களின் ஓரத்தில் இரண்டு பெயரோடு இருந்து, அதைச் சேர்க்க மறந்து விட்டால், இருக்கிற சாலையை இல்லை என்று சொல்லி விடும். ஆஸ்பத்திரிக்கு விரையும் வண்டி ஊரைச் சுற்ற வேண்டியதுதான். எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக்கூடாது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரசரின் கேலி

1741-ல் பிரஷ்ய அரசர் பிரெடரிக் அழைத்ததால் ஆய்லர் பெர்லின் சென்றார். 25 ஆண்டுகள் அங்கே உழைத்தார். ஆனால் அரசருக்கு மினுக்காகப் பேசுகிறவர்களைத்தான் பிடிக்கும். ஆய்லரோ எளிமையானவர், தெய்வ பக்தி உள்ளவர். அவரை ஒற்றைக் கண் அரக்கன் என்று அரசர் கேலி செய்தார். 1766-ல் ருஷியச் சக்கரவர்த்தினி காத்தரீன் அழைக்கவே, ஆய்லர் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார்.

இருட்டில் எரிந்த விளக்கு

அந்தச் சமயத்தில் இடது கண்ணிலும் புரை விழுந்தது. 1771-ல் அவருடைய வீட்டில் தீப்பிடித்தது. பாசலைச் சேர்ந்த பீட்டர் கிரிம் என்ற தொழிலாளி உள்ளே ஓடி, ஆய்லரை முதுகில் சுமந்து வந்து காப்பாற்றினார். கையெழுத்துப் பிரதிகள் பெரும்பாலும் தப்பின. அதே ஆண்டில் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை திரும்பியது! ஆனால் சில நாட்கள்தான். கண்ணில் சீழ் வைத்து, இருந்த பார்வையும் போய் விட்டது.

ஆய்லர் சோர்ந்து உட்காரவில்லை. மனத்திலேயே கணக்குப் போட்டார். அவர் சொல்லச் சொல்ல, மகனும் உதவியாளர்களும் எழுதினார்கள். இயற்கணிதம் பற்றி ஒரு புத்தகம் எழுத நினைத்தபோது, தையல் வேலை பழகிய ஓர் இளைஞனைக் கூப்பிட்டார். அவனுக்குக் கணிதம் தெரியாது. அவர் சொல்லியதை எழுதிக்கொண்டே வந்தான். புத்தகம் முடிந்தபோது இயற்கணிதம் அவனுக்கே புரிந்திருந்தது!

அவர் எழுதியவை மொத்தம் 800-க்கு மேல். அவற்றில் ஏறக்குறையப் பாதி, 1766-க்குப் பின் வந்த இருண்ட ஆண்டுகளில் பிறந்தவை.

கடைசி நாள்

1783-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி. காலையில் பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆகாயத்தில் பறக்கும் பலூன் பற்றிக் கணக்குப் போட்டார். சாப்பிட்ட பிறகு, அப்போது புதிதாகக் கண்டுபிடித்திருந்த யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றி நண்பர்களோடு பேசினார். மாலையில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்துச் சாய்ந்தார். இரவு உயிர் பிரிந்தது. வயது 76.

அவர் விட்டுச் சென்ற கட்டுரைகளை அச்சிட்டு முடிக்க விஞ்ஞானக் கழகத்துக்கு ஏறக்குறைய 50 ஆண்டுகள் பிடித்தன.

கோனிக்ஸ்பர்க் நகரம் இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் சிதைந்தது. ஏழு பாலங்களில் சில அழிந்தன. ஊரின் பெயரும் கலினின்கிராட் என்று மாறி விட்டது. ஆனால் ஆய்லர் எழுத்துகளில் அடக்கிய அந்த ஏழு பாலங்களுக்கு அழிவே இல்லை.