தாராசிங் தூக்கியடித்த அந்த கிங் காங் யார்? தோற்றே கூட்டத்தைச் சேர்த்த ஒரு வில்லனின் கதை

தொண்ணூறுகளில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப் டிரம்ப் கார்டு மறந்திருக்காது. ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், ஃபைட்ஸ் ஃபாட், ஃபைட்ஸ் வோன். இதில் ஒன்றைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், யாரிடம் பெரிய எண் இருக்கிறதோ அவருக்கே கார்டு. வெயிட் சொன்னால் ஜெயிக்கும் ஆள், ஃபைட்ஸ் வோன் என்றதும் கவிழ்ந்துவிடுவார். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அப்படி ஒரு கார்டுக்குப் பொருத்தமான மனிதர் ஒருவர் ஆசியா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். ரிங்கில் அவர் பெயர் கிங் காங்.

இன்று கிங் காங் என்றால் ராட்சதக் குரங்குப் படம் நினைவுக்கு வரும். தமிழ் சினிமா ரசிகர்களுக்கு அதே பெயர் கொண்ட நகைச்சுவை நடிகர் நினைவுக்கு வருவார். ஆனால் வீட்டில் எண்பதைத் தொட்ட தாத்தா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். கிங் காங் என்று நீங்கள் முடிப்பதற்குள் தாராசிங் என்று அவர் சேர்த்துச் சொல்லிவிடுவார். அந்த இரண்டு பெயர்களும் அப்படித்தான், ஜோடியாகத்தான் வரும்.

தாராசிங் யார் என்பது பலருக்கும் தெரியும். பஞ்சாப் பயில்வான், பிறகு இந்தி சினிமா ஹீரோ, எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமன், மாநிலங்களவை உறுப்பினர். 2012-ல் இறந்தபோது நாடே அஞ்சலி செலுத்தியது. உடம்பைக் காட்டிக்கொண்டு திரியும் பையனைப் பார்த்து, பெரிய தாராசிங்னு நெனப்பு என்று சொல்வது இன்னும் நம் ஊரில் வழக்கொழியவில்லை. ஆனால் அவர் தூக்கியடித்த அந்த மலை போன்ற ஆள் யார், எந்த ஊர், எப்படி இங்கே வந்தார் என்பது யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது.

எமில் சாயா என்பது அவருடைய நிஜப் பெயர். 1909-ல் பிராஷோவ் நகரத்தில் பிறந்தார். அப்போது அந்த ஊர் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் எல்லைகள் மாறி, ஊர் ருமேனியாவுக்குப் போய்விட்டது. பையனுக்குப் பத்து வயது ஆவதற்குள், வீடு மாறாமலே நாடு மாறிவிட்டது. ஆனாலும் கடைசிவரை போஸ்டர்களில் ஹங்கேரி நாட்டு வீரர் என்றுதான் போட்டார்கள். மல்யுத்த போஸ்டரில் ஊர் பெயர் போடுவது முகவரி சொல்வதற்காக அல்ல. எதிரி எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறான் என்று காட்டுவதற்காக.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் பின்புமாக ஐரோப்பிய மல்யுத்த வீரர்கள் பலர் பிழைப்பு தேடிக் கிழக்கே வந்தார்கள். சாயாவும் அந்த வழியில் வந்தவர். பெயர் 1933-ல் வெளியாகி உலகத்தையே கலக்கிய ஹாலிவுட் படத்தின் பெயர். தாடி, பீப்பாய் மாதிரி உடம்பு. எடையைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு சொன்னாலும், உச்சத்தில் இருந்தபோது 200 கிலோ என்பதுதான் அதிகம் சொல்லப்பட்டது. விளம்பரக் கணக்கில் கொஞ்சம் உப்பு கூடத்தான் இருக்கும். பிரிவினைக்கு முந்தைய லாகூரில், புகழ்பெற்ற காமா பயில்வானின் உறவு வட்டத்தைச் சேர்ந்த ஹமீதா பயில்வானோடு மோதித் தோற்றிருக்கிறார். தோல்வி அவருக்கு அன்றைக்குப் புதுசாக இருந்திருக்கலாம். பிறகு அதுவே தொழிலானது.

கோதாவும் ரிங்கும் ஒன்றில்லை

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கோதாவில் இறங்குவது என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தக் கோதா பயில்வான்கள் குஸ்தி போடும் களம். அங்கே பிடி விழுந்தால் மணிக்கணக்கில் கூட நகராது.

பெரிய உதாரணம் 1910 லண்டன். காமா பயில்வானும் போலந்தின் ஸ்தானிஸ்லாவ் ஸ்பிஷ்கோவும் மோதினார்கள். ஸ்பிஷ்கோ பெரும்பாலான நேரம் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரம் இழுத்தும் முடிவு வரவில்லை. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் நொந்து போனார்கள். அடுத்த வாரம் மறுபோட்டி என்று அறிவித்தார்கள், ஸ்பிஷ்கோ வரவே இல்லை. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் சாய்த்துவிட்டார். ஆக நிஜக் குஸ்தியின் சிக்கல் இதுதான். ஒன்று தூக்கம் வரும், இல்லையென்றால் இருக்கையில் உட்காருவதற்குள் முடிந்துவிடும்.

டிக்கெட் விற்றுப் பிழைக்கும் தொழிலுக்கு இது ஒத்து வராது. அதனால் நான்கு பக்கமும் கயிறு கட்டிய ரிங், ரவுண்டு ரவுண்டாகச் சண்டை, ஒரு நல்லவன், ஒரு கெட்டவன் என்று வேறொரு மல்யுத்தம் வளர்ந்தது. அமெரிக்கத் தொழில் வழக்கில் நல்லவனுக்கு ஃபேஸ் என்றும் கெட்டவனுக்கு ஹீல் என்றும் பெயர். யார் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே பேசி வைத்ததாக இருக்கும். பஞ்சாப் பக்கம் இந்த மாதிரி பேசி வைத்த சண்டைக்கு நூரா குஷ்தி என்று தனிப்பெயரே உண்டு. இப்போது அரசியல்வாதிகள் இருவர் பொய்யாக மோதிக்கொண்டாலும் வடக்கே அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள்.

அப்போ எல்லாமே டூப்பா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம், விழுவது பேசி வைத்தாலும் வலிக்கும். பலகை மேல் மெத்தை விரித்த தளத்தில் அந்த எடையோடு மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கு ஸ்கிரிப்ட் தெரியாது.

சிங்கப்பூரில் கிடைத்த மேடை

அன்றைய சிங்கப்பூரில் நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் என்று மூன்று பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்கள் இருந்தன. சினிமா, நாடகம், நடன அரங்கு, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே சுற்றுச்சுவருக்குள். நம்ம தீவுத்திடல் பொருட்காட்சி வருடம் முழுக்க, ராத்திரி முழுக்க நடந்தால் எப்படி இருக்கும், அப்படி. மல்யுத்தமும் அங்கேதான். பார்வையாளர்களில் சீனர், மலாய்க்காரர், சீக்கியர், தமிழர் என எல்லோரும் இருந்தார்கள். மொழி வேறு வேறாக இருந்த அந்தக் கூட்டத்துக்கு வசனம் தேவைப்படாத நாடகமாக ரிங் சண்டை அமைந்தது. யார் கெட்டவன் என்று புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவையில்லை. கிங் காங் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாலே போதும்.

1940-களின் கடைசியில் பஞ்சாபிலிருந்து பிழைக்கப் போன ஒரு இளைஞன் அங்கே டிரம் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, கிரேட் வேர்ல்டில் ஹர்னாம் சிங்கிடம் மல்யுத்தம் கற்றுக்கொண்டிருந்தான். பெயர் தாராசிங். பிறந்தது 1928. அதாவது கிங் காங்கைவிட 19 வயது இளையவர். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலேயா சாம்பியன் ஆனார். பிறகு ஆசிய நாடுகளைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பி, 1954-ல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டத்தை வென்றார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் தாத்தாக்கள் சொல்லும் கதை. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் சென்னை உட்பட இந்திய நகரங்களில் மல்யுத்தக் காட்சிகள் திருவிழா மாதிரி நடந்தன. தொலைக்காட்சி கிடையாது, யூடியூப் கிடையாது. நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்டு. போகாதவனுக்குப் போனவன் சொல்வதுதான் ஹைலைட்ஸ். சொல்லச் சொல்ல கிங் காங்கின் எடை ஏறியிருக்கும், தாராசிங் தூக்கிய உயரமும் கூடியிருக்கும்.

தாராசிங் சுமார் 130 கிலோ என்பார்கள், கிங் காங் 200. அவ்வளவு பெரிய ஆளை அவர் தலைக்கு மேலே தூக்கி, சுழற்றி, கீழே போட்டார் என்பதுதான் அந்தக் காட்சி. இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. தன்னைவிட 70 கிலோ அதிகமான ஒருவர் முரண்டு பிடித்தால் எந்த மனிதனாலும் அப்படித் தூக்கிச் சுழற்ற முடியாது. பாடி ஸ்லாம் அடிக்கும்போது தூக்கப்படுபவர் சரியான நொடியில் எம்ப வேண்டும், உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், விழும்போது தலை அடிபடாமல் முதுகை விரித்து விழ வேண்டும். தாராசிங்கின் பலம் பொய் இல்லை. ஆனால் அந்தத் தூக்கலில் பாதி கிங் காங்கினுடையது. கைதட்டல் முழுக்கத் தாராசிங்குக்குப் போனது.

அழுக்குத் துணி மாதிரி தோய்க்கப்பட்ட வெள்ளைக்காரன்

கூட்டம் ஏன் அப்படிக் கொதித்தது? கால கட்டத்தைப் பாருங்கள். இந்தியா சுதந்திரம் வாங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பெரிய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. நேற்றுவரை எஜமானனாக இருந்த வெள்ளைக்காரனின் சாயலில் ஒருவன் ரிங்குக்குள் நின்று திமிர் காட்டுகிறான். நம்ம ஊர்ப் பையன் அவனைத் தூக்கி அடிக்கிறான். அந்த ஆள் இங்கிலாந்துக்காரன் இல்லை, ருமேனியா எல்லைக்குள் போய்விட்ட ஊர்க்காரன் என்பதெல்லாம் யாருக்குத் தேவை?

இந்தியாவில் மட்டும் இல்லை. அதே 1955-ன் கடைசியில் கிங் காங் ஜப்பானில் இருந்தார். அங்கே நிலைமை இன்னும் உக்கிரம். போரில் தோற்று, அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்து, 1952-ல்தான் மீண்டிருந்தார்கள். முன்னாள் சூமோ வீரர் ரிக்கிடோசான் அவர்களுடைய நாயகன். 1954 பிப்ரவரியில் அவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களோடு மோதியபோது, தெருவில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் ஜனம் அலைமோதியது. அந்த ரிக்கிடோசானுக்கு ஆசிய அளவில் ஒரு பட்டம் வேண்டும். அதற்கு ஆசியா முழுக்கத் தெரிந்த ஒரு ராட்சதன் எதிரே வேண்டும்.

நவம்பர் 16 அன்று கிங் காங்கும் டைகர் ஜோகிந்தர் சிங்கும் சேர்ந்து, ரிக்கிடோசான் - ஹரால்டு சகாடா ஜோடியை வீழ்த்தி ஆசிய டேக் டீம் பட்டத்தை எடுத்தார்கள். (சகாடா யார் என்றால், பின்னாளில் கோல்டுஃபிங்கர் என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தொப்பியை வீசிக் கொல்லும் வில்லனாக வந்தவர்.) ஆறு நாள் கழித்து, நவம்பர் 22-ல் தனிநபர் இறுதிப் போட்டி. ரிக்கிடோசான் ஜெயித்தார். முதலில் வில்லன் ஜெயித்துக் கூட்டத்தை எரிச்சலாக்க வேண்டும், பிறகு தோற்க வேண்டும். கிங் காங் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்து கொடுத்தார்.

ஒரு கொசுறு. ஜப்பானின் மானத்தைக் காத்தவர் என்று கொண்டாடப்பட்ட ரிக்கிடோசான் பிறந்தது கொரியாவில். அதைப் பொதுவெளியில் மறைத்தே வைத்திருந்தார்கள். ஹங்கேரிக்காரன் என்று போஸ்டரில் இருந்தவரின் ஊர் ஹங்கேரியில் இல்லை, ஜப்பானின் நாயகன் ஜப்பானில் பிறக்கவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும் அசல்.

அப்போது கிங் காங்குக்கு வயது 46. அந்த வயதில், அந்த எடையில், ஊர் ஊராகப் போய் முதுகு அடிபட விழுவது சாதாரண வேலை இல்லை. எதிராளிகள் எல்லோரும் பெரிய ஆட்களானார்கள். ரிக்கிடோசான் தேசிய நாயகன் ஆனார். தாராசிங் 1959-ல் கல்கத்தாவில் ஜார்ஜ் கார்டியெங்கோவைச் சாய்த்துக் காமன்வெல்த் சாம்பியன் ஆனார். 1962-ல் தாராசிங் ஹீரோவாக நடித்த ஒரு இந்திப் படம் வந்தது. இயக்கம் பாபுபாய் மிஸ்திரி. படத்தின் பெயர் கிங் காங்! தோற்ற பெயருக்குத்தான் மார்க்கெட் என்று தயாரிப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த வருடமே ஃபவுலாத். பிறகு தாராசிங்குக்கு சினிமாவில் ஓய்வே இல்லை. 1968-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்றபோது, அவர் ஏற்கெனவே சினிமா நட்சத்திரம்.

கிங் காங் சிங்கப்பூரில் தங்கிவிட்டார். ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதே மாறிப்போனவருக்கு, தன் பெயரைச் சொன்னால் டாக்ஸிக்காரருக்கும் தெரியும் ஒரு நகரம் போதுமானதாக இருந்திருக்கும்.

1970-ல் மலேசியாவில் நடந்த ஒரு சாலை விபத்தில் பலத்த காயம் அடைந்தார். மே மாதம் சிங்கப்பூரில் இறந்தார். வயது 61.

அவர் சண்டை போட்ட பூங்காக்களும் இப்போது இல்லை. கிரேட் வேர்ல்டு இருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு ஷாப்பிங் மால் நிற்கிறது. தாராசிங்கின் ராமாயணம் மட்டும் ஊரடங்கு நேரத்தில், 2020-ல், தூர்தர்ஷனில் மறுபடி ஓடியது.