மலைநீரில் ஒளி கண்ட விமலசுரேந்திர

மலையக ரயில் பாதையில் ஹட்டனுக்கு முன்னதாக அமைந்துள்ள சிறு நிலையம் றொசல்ல. அயலிலுள்ள வட்டவளையுடன் சேர்த்து இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் பிரதேசங்களுள் ஒன்று அது. தோட்டத் தொழிலாளிக்கு நனைந்த கம்பளியையும் அட்டைக் கடியையும் நினைவூட்டும் அந்த மழையில் நாட்டின் எதிர்காலத்தைக் கண்டவர், பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர.

1874ஆம் ஆண்டு காலியில் பிறந்த அவர், பொதுமராமத்துத் திணைக்களத்தில் சேர்ந்து மலைநாட்டில் கடமையாற்றினார். களனி கங்கையின் கிளைகளான கெசல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் லக்சபான, அபர்டீன் நீர்வீழ்ச்சிகளாகப் பாய்ந்து வீணே கடலைச் சென்றடைவதை அவர் கண்டார். அக்காலத்தில் சில தேயிலைத் தோட்டங்கள் ஓடை நீரில் சிறு சுழலிகளை இயக்கித் தமது தொழிற்சாலைகளை நடத்திவந்தன. அந்த ஆற்றல் தோட்ட எல்லையைத் தாண்டியதில்லை. 1912இல் நானுஓயாவுக்கு அருகில் பிளக்பூலில் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளியூட்டியதன் மூலம், இந்நீர் பொதுமக்களுக்கும் பயன்படக்கூடியது என்பதை விமலசுரேந்திர நிரூபித்துக் காட்டினார்.

1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் அவர் சமர்ப்பித்த ஆய்வுக் கட்டுரை, லக்சபான திட்டத்திற்கு அத்திவாரமிட்டது. ரயில் பாதையையும் கைத்தொழில்களையும் மின்சாரத்தால் இயக்கலாம் என்ற அவரது யோசனையை ஆட்சியாளர்கள் மிகைக் கற்பனையாகவே கருதினர். 1920களில் ஆரம்பிக்கப்பட்ட வேலைகளும் நிதி நெருக்கடியால் இடைநடுவில் கைவிடப்பட்டன.

அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் அத்திட்டத்திற்காகவே வாதாடினார். உலகப் போரும் குறுக்கிட்டதால் ஏற்பட்ட தாமதத்தின் பின்னர், 1950இல் 25 மெகாவாற் திறனுடன் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கட்டுரை சமர்ப்பிக்கப்பட்டு 32 ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. கனவு நனவானதைக் கண்ட நிறைவுடன் 1953இல் அவர் காலமானார். 1965இல் நோர்ட்டன் பிரிட்ஜில் அமைக்கப்பட்ட 50 மெகாவாற் மின்நிலையம் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

எனினும், இந்த ஒளிக்கு மலையகம் கொடுத்த விலையும் பேசப்பட வேண்டியதே. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்காகத் தோட்ட நிலங்கள் மூழ்கடிக்கப்பட்டன. பழைய மஸ்கெலியா நகரமே நீருக்கடியில் சென்றது. வரட்சிக் காலங்களில் நீர்மட்டம் தாழும்போது அங்கிருந்த கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் ஒருசேர வெளியே தோன்றி, அந்நகரில் இனமத பேதமின்றி வாழ்ந்த மக்களை நினைவூட்டுகின்றன.

லக்சபானவில் மின்சாரம் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழ் மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக்கப்பட்டனர். உயரழுத்தக் கம்பிகள் அவர்களது லயன்களுக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. கீழேயோ பல தசாப்தங்களாகக் குப்பி விளக்குகளே எரிந்தன.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 1990களிலிருந்து தனியார் கம்பனிகளும் மலையக ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்களை நிறுவி, மின்சாரத்தை விற்றுவருகின்றன. மன்னாரில் 2020இல் 103.5 மெகாவாற் திறனுடைய காற்றாலைப் பூங்கா திறக்கப்பட்டது. நீருக்கும் காற்றுக்கும் உரிமையாளர்கள் பெருகிவரும் இவ்வேளையில், விமலசுரேந்திரவின் வாழ்வு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. இயற்கை தந்த ஆற்றல் தேசத்தின் பொதுச்சொத்து என்பதே அது. ஆற்றையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்த மக்களுக்கு அதன் பயனில் முதற் பங்கு கிடைக்கும்போதுதான், அந்தப் பொறியியலாளரின் கனவு முழுமை பெற்றதாகக் கொள்ள முடியும்.