கணினிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த கணக்கு டீச்சர்



கணினி என்றதும் நம்மில் பலருக்கு பில் கேட்ஸ் பெயர்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் பழைய கதை தெரிந்தவர்கள் சார்லஸ் பாபேஜ் என்பார்கள். இந்த இதழில் நான் எழுதப்போவது ஒரு கணக்கு டீச்சரைப் பற்றி. அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர். லேபில் நாம் புரோகிராம் எழுதும்போது ஒரே வரியில் இன்னொரு கோப்பைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் இல்லையா? அந்த வசதி சும்மா வந்துவிடவில்லை நண்பர்களே!

கிரேஸ் 1906 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் வீட்டு அலாரம் கடிகாரம் எப்படி ஓடுதுன்னு பார்க்க அதைப் பிரித்துப் போட்டார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. சரி, இன்னொன்றைப் பார்த்து மாட்டலாம் என்று அதையும் பிரித்தார். இப்படியே ஏழு கடிகாரம் காலி! அவர் அம்மா அடிக்கவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தில் மட்டும் வேலையைக் காட்டலாம் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு நல்ல அம்மா பார்த்தீங்களா?

வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து 1928-ல் பட்டம் பெற்றார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். படித்த வாசர் கல்லூரியிலேயே கணக்கு டீச்சர் ஆனார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் இறங்கியதும் கடற்படையில் சேர ஆசைப்பட்டார். வயது அதிகம், எடை குறைவு என்று தடை. விடவில்லை. விதிவிலக்கு வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்தே விட்டார்.

1944-ல் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்ற எந்திரத்திடம் அனுப்பினார்கள். நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை சுமார் 5 டன்! ஆனால் ஒரு வினாடிக்கு மூன்று கூட்டல்தான் போடும். ஒரு பெருக்கலுக்கு ஆறு வினாடி. கட்டளைகளை எல்லாம் காகித நாடாவில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் நான் சொல்லவந்த கதை தொடங்குகிறது. சில கணக்குகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுத முடியுமா? அதனால் சரியாக ஓடிய பகுதிகளை ஹாப்பரும் கூட வேலை பார்த்தவர்களும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் நோட்டிலிருந்து இன்னொருவர் பார்த்து எழுதிக்கொள்வார்.

பார்த்து எழுதுவதில் என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும்! ஒரு எழுத்து எண்ணாக மாறிவிடும், ஒரு வரி விட்டுப்போகும். இன்னொரு தொல்லையும் இருந்தது. பின்னால் வந்த கணினிகளில், எழுதி வைத்த பகுதி ஒவ்வொன்றும் பூஜ்யம் என்ற இடத்திலிருந்து தொடங்குவதாக இருக்கும். நம் புரோகிராமில் அதை 300-ஆவது இடத்தில் வைத்தால் அதிலுள்ள ஒவ்வொரு முகவரியோடும் 300-ஐக் கூட்ட வேண்டும். ஒரே ஒரு கூட்டல் தப்பினால் போதும், மொத்தப் புரோகிராமும் போச்சு.

1949-ல் ஹாப்பர் பிலடெல்பியாவில் யூனிவாக் கணினியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்தார். மனுஷங்க தப்பு செய்வது இரண்டே வேலையில்: பார்த்து எழுதுவது, கூட்டுவது. பக்கத்திலேயே நிற்கும் எந்திரத்துக்கோ அந்த இரண்டும்தான் நன்றாக வரும். அப்புறம் ஏன் அதை நாம் செய்யணும்? இதுதான் அவருக்கு வந்த யோசனை. ரொம்பச் சாதாரணமாகத் தோன்றுகிறது, இல்லையா?

துணைப் பகுதிகளை எல்லாம் காந்த நாடாவில் நூலகம் மாதிரி சேர்த்தார். புத்தகத்துக்கு எண் போடுவது போல ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண். புரோகிராம் எழுதுபவர் அந்த எண்களை வரிசையாகக் கொடுத்தால் போதும். கணினியே தேடி எடுத்து, வரிசையில் வைத்து, முகவரிகளையும் கூட்டிச் சரிசெய்து முழுப் புரோகிராமைத் தந்துவிடும். 1952-ல் வந்த இதற்கு ஏ-0 என்று பெயர். துணைப் பகுதிகளைச் சேர்த்து வைக்கும் நூலகம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் அதற்கு முன்பே இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒன்று உண்டு. இன்னும் சேர்க்கப்படாத பகுதிக்குத் தாவச் சொன்னால் கணினி எங்கே போகும்? அதன் இடமே இன்னும் தெரியாதே! ஹாப்பருக்குக் கல்லூரியில் ஆடிய கூடைப்பந்து ஞாபகம் வந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்டத்தில் பந்தோடு ஓடக் கூடாது. தோழியிடம் பந்தைக் கொடுத்துவிட்டு முன்னால் ஓடிப்போய்த் திரும்ப வாங்கணும். அதே மாதிரி நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கினார். தாவல் முதலில் அந்த மூலைக்குப் போகும். பகுதி வந்து சேர்ந்ததும் மூலையிலிருந்து அங்கே வழி போடப்படும். விளையாட்டுப் பீரியடும் வீண் போகாது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா!

ஆனால் அப்போது பலர் நம்பவில்லை. கணினி கணக்குதான் போடும், புரோகிராம் எழுதாது என்றார்கள். அவர் அசரவில்லை. ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை கொடுக்கும் ஃப்ளோமேட்டிக் மொழியை உருவாக்கினார். அதை ஒட்டி 1959-ல் ஒரு குழு கோபால் மொழியைத் தொடங்கியது. 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராமை இரண்டு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓட்டிக் காட்டினார்கள்.

கணினிக்குள் பூச்சியைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று பொது அறிவுப் புத்தகங்களில் வரும். 1947-ல் மார்க் 2 எந்திரத்தில் அந்துப்பூச்சி அகப்பட்டதும், அதைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்ததும் உண்மை. எடுத்தது ஹாப்பர் அல்ல, அங்கிருந்த மற்றவர்கள். கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கும் முன்பே இருந்தது.

இதெல்லாம் பழங்கதை, நமக்கு என்ன என்று கேட்காதீர்கள்! நூலகத்துக்குத் திருப்பி வராத புத்தகங்களின் பட்டியலை ஒரு புரோகிராம் தினமும் நாலு மணிக்குத் தானாகவே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதன்மைக் கோப்பு ஒன்று. தேதிக் கணக்குப் போட அது கூப்பிடும் துணைக் கோப்பு இன்னொன்று. நாம் உட்கார்ந்து ஓட்டினால் ஓடும். ஷெட்யூலரிடம் கொடுத்தால் துணைக் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடலாம். ஏன்? நாம் அந்த ஃபோல்டருக்குள் போய் நின்று ஓட்டுகிறோம். ஷெட்யூலர் வேறு ஃபோல்டரில் நின்று ஓட்டலாம். 'பக்கத்தில் இருக்கு' என்று எழுதியிருந்தால் அதன் பக்கத்தில் தேடும். முதன்மைக் கோப்பை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோனாலும் இதே கதிதான். நாலு மணிக்குத் திரையைப் பார்க்க ஆள் இருக்காது. பட்டியல் வராதது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்!

ஹாப்பர் அழைப்பு எண் கொடுத்த காரணம் இங்கேயும் பொருந்தும். எது வேண்டும், எங்கே இருக்கிறது என்பது எழுதியவர் மனசில் மட்டும் இருந்தால் எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? துணைக் கோப்பின் முழு முகவரியைக் கொடுங்க. எல்லாக் கோப்புகளையும் ஒரே மூட்டையாகக் கொண்டுபோங்க. ஷெட்யூலரிடம் விடும் முன் வேறு ஃபோல்டரில் நின்று ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

ஹாப்பர் அம்மையாரைக் கடற்படை 1966-ல் ஓய்வு கொடுத்து அனுப்பியது. அடுத்த ஆண்டே ஆறு மாத வேலைக்கு என்று திரும்பக் கூப்பிட்டது. அந்த ஆறு மாதம் பல வருஷமாக நீண்டது! 1986 ஆகஸ்ட்டில் கடைசியாக ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 79, பதவி ரியர் அட்மிரல். 1992 ஜனவரி 1 அன்று காலமானார். அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1997-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது.

கடைசிவரை அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஒரு நானோ வினாடியில் மின்சாரம் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்ட, ஓர் அடிக்குச் சற்றே குறைவான கம்பித் துண்டுகளை வெட்டி எல்லார் கையிலும் கொடுப்பார். அட்மிரல் ஆன பிறகும் அவர் டீச்சர்தான்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி,
கணினி அறிவியல் பிரிவு