வாங்குவதா, செய்வதா? வில்பர் ரைட் வாழ்க்கையிலிருந்து ஒரு பாடம்



விமானத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பையன்கூட ரைட் சகோதரர்கள் என்று சொல்லிவிடுவான். ஆனால் அந்த விமானத்தில் எதைக் காசு கொடுத்து வாங்கினார்கள், எதைத் தாங்களே செய்தார்கள் என்று கேட்டால் நம்மில் பல பேர் முழிப்போம். மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவனான எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. அதற்காகத்தான் மூத்தவர் வில்பர் ரைட்டின் கதையை இங்கே சொல்ல வருகிறேன்.

வில்பர் 1867 ஏப்ரல் 16-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். தம்பி ஆர்வில் நாலு வயது இளையவர். அப்பா பாதிரியார். அம்மாதான் வீட்டில் கைவேலைக்காரர். வண்டி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர், பிள்ளைகளுக்குப் பொம்மைகளைத் தானே செய்து கொடுப்பார். வில்பர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தும், குடும்பம் ஊர் மாறியதால் சான்றிதழ் வாங்கவில்லை. பனிக்கட்டி மேல் விளையாடும்போது முகத்தில் மட்டை பட்டு முன்பற்கள் போயின. கல்லூரிக் கனவும் அதோடு போயிற்று. காசநோயால் படுத்திருந்த அம்மாவைக் கவனித்துக்கொண்டு, வீட்டிலேயே புத்தகங்களோடு சில வருடங்கள் கழித்தார். 1889-ல் அம்மா காலமானார்.

அண்ணனும் தம்பியும் முதலில் அச்சகம் வைத்தார்கள். 1892-ல் டேட்டன் நகரில் சைக்கிள் கடை. 1896 முதல் சொந்தப் பெயரில் சைக்கிள் தயாரித்தார்கள். கடை மெஷின்களை ஓட்டும் இஞ்சினையும் தாங்களே செய்துகொண்டார்கள். ஆக, பறக்க ஆசைப்படும் முன்பே பட்டறை கையில் இருந்தது!

1900-ல் முதல் கிளைடர். அதற்கு 18 அடி நீள ஸ்ப்ரூஸ் மரம் வேண்டும். வில்பர் வழியில் நார்ஃபோக் நகரில் தேடினார், கிடைக்கவில்லை. 16 அடி பைன் மரத்தை வாங்கிக்கொண்டு, அதற்கேற்றபடி இறக்கையைச் சின்னதாக்கிவிட்டார். சாமான் கிடைக்கவில்லை என்று திரும்பிப் போகவில்லை.

மரம், துணி, கம்பி எல்லாம் கடைச் சரக்குதான். கணக்குப் போடுவதற்கான அட்டவணைகளும் மற்றவர்கள் தயாரித்தவைதான். அங்கேதான் சிக்கல் வந்தது. 1901 கிளைடருக்குக் கணக்கில் வந்த தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் நிஜத்தில் கிடைத்தது. அன்றைக்கு எல்லோரும் நம்பிய காற்றழுத்த எண் 0.005. சகோதரர்கள் கண்ட உண்மை மதிப்பு சுமார் 0.0033! அந்த வருடக் கடைசியில் 6 அடி நீளப் பெட்டியில் காற்றுச் சுரங்கம் செய்து, சுமார் 200 இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். அளக்கும் கருவிக்கு ஹாக்ஸா பிளேடும் சைக்கிள் ஸ்போக்குமே மூலப்பொருள். அந்தக் கணக்கில் பிறந்த 1902 கிளைடர் சொன்னபடி பறந்தது.

அடுத்தது இஞ்சின். இங்கே அவர்கள் முதலில் வாங்கத்தான் நினைத்தார்கள். 8 குதிரைத்திறன் வேண்டும், எடை 180 பவுண்டுக்கு (சுமார் 82 கிலோ) மேல் போகக்கூடாது என்று கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டார்கள். ஒருத்தரும் சரிப்பட்டு வரவில்லை. பிறகுதான் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் லேத்தையும் டிரில்லிங் மெஷினையும் வைத்துக்கொண்டு ஆறே வாரத்தில் நாலு சிலிண்டர் இஞ்சினைச் செய்து முடித்தார். ஒரே எஃகுப் பலகையில் வரிசையாகத் துளை போட்டு, வேண்டாததைத் தட்டி எடுத்து, கடைந்து உருவாக்கிய கிராங்க் ஷாஃப்ட் 19 பவுண்டு. கார்புரேட்டர் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. அலுமினியக் கிராங்க் கேஸை மட்டும் ஊரில் இருந்த ஃபவுண்டரியில் வார்க்கக் கொடுத்தார்கள். 1903 பிப்ரவரிச் சோதனையில் பேரிங் இறுகி அது உடைந்தது. மறுபடி வார்த்து, மே மாதம் ஓடவிட்டார்கள். கிடைத்தது சுமார் 12 குதிரைத்திறன்.

புரொப்பல்லர்? கப்பல்காரர்களின் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அப்படி உறுதியான சூத்திரமே இல்லை. சுழலும் இறக்கைதான் புரொப்பல்லர் என்று தாங்களே கணக்குப் போட்டு, மரப்பலகைகளை ஒட்டி, எட்டரை அடிக்குச் செதுக்கினார்கள். பிற்காலத்தில் மாதிரி செய்து சோதித்தபோது அதன் திறன் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தது.

ஆனால் சங்கிலியைச் செய்தார்களா? இல்லை! இண்டியானாபோலிஸ் கம்பெனியில் விலைக்கு வாங்கினார்கள். அதை நன்றாகச் செய்ய ஆள் இருக்கும்போது நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? சைக்கிள்காரருக்குத் தெரியாத சங்கிலியா!

அதே காலத்தில் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானி, ராணுவம் தந்த 50,000 டாலரில் விமானம் கட்டினார். இஞ்சினை வெளியே ஒப்பந்தத்துக்குக் கொடுத்தார். 12 குதிரைத்திறன் கேட்ட இடத்தில் வந்தது 8. அவருடைய உதவியாளர் மான்லி பாடுபட்டு அதை 52 ஆக்கினார். அவ்வளவு சக்தி இருந்தும் விமானம் 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் ஆற்றில் விழுந்தது. ரைட் சகோதரர்களின் மொத்தச் செலவு ஆயிரம் டாலருக்குள்.

கிட்டி ஹாக்கிலும் சோதனை தீரவில்லை. குழாய் ஷாஃப்ட் விரிசல் விட்டது. ஆர்வில் ஊருக்குப் போய் கெட்டி ஸ்பிரிங் ஸ்டீலில் செய்து கொண்டுவந்தார். ஸ்ப்ராக்கெட் லூசானது, சைக்கிள் டயர் ஒட்டும் சிமெண்டைப் போட்டு நிறுத்தினார்கள். 1903 டிசம்பர் 17 காலை ஆர்வில் 12 விநாடி பறந்தார், 120 அடி. அன்று நாலாவது தடவை வில்பர் 59 விநாடி, 852 அடி!

1908-ல் பிரான்சில் பறந்து காட்டப் போன வில்பர் பெட்டியைத் திறந்தபோது பாகங்கள் உடைந்தும் துணி கிழிந்தும் கிடந்தன. தம்பியும் பக்கத்தில் இல்லை. ஒவ்வொன்றையும் தன் கையால் சரிசெய்து, ஆகஸ்ட் 8-ல் பறந்தார். தானே செய்தவனுக்குத்தானே ரிப்பேரும் தெரியும்! பிறகு காப்புரிமை வழக்குகள் அவரைப் பிடித்துக்கொண்டன. 1912 மே 30-ல் டைபாய்டு காய்ச்சலில் 45 வயதிலேயே மறைந்தார்.

புராஜெக்ட் நேரத்தில் நம் பேட்ச்களில் பாதிப் பேர் ரெடிமேடாக வாங்கி மாட்டிவிடலாம் என்பார்கள். மீதிப் பேர் போல்ட் முதற்கொண்டு நாமே கடையணும் என்று நிற்பார்கள். வில்பர் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. எங்கள் பேட்ச் பாகங்களின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அவர் வழியில் கேள்வி போட்டோம்: நல்லதாகக் கடையில் கிடைக்கிறதா? இது கெட்டால் நமக்குச் சரிசெய்யத் தெரியுமா? பேரிங், செயின், மோட்டார் கடைக்குப் போயின. மெஷினின் உயிரான மெக்கானிசம் எங்கள் லேத்துக்கு வந்தது. அதில் கேள்வி கேட்டால் நாலு பேருமே பதில் சொல்வோம்.

ஜூனியர் தம்பி தங்கைகளே, வாங்குவது கேவலமும் இல்லை, எல்லாத்தையும் செய்வது வீரமும் இல்லை. எதை வாங்கலாம், எதை வாங்கவே முடியாது என்று பிரித்தறிவதுதான் இஞ்சினியரின் முதல் வேலை. பட்டியலை எடுங்கள், பேனாவை எடுங்கள். வாழ்த்துக்கள்!